களிமண் உருண்டையின் பின்பக்கம்

சுமேரியர் செம்பை ஓமான் பக்கத்திலயிருந்து எடுத்தவை, நீலக்கல்லை ஆப்கானிஸ்தானிலயிருந்து, தேவதாரு மரத்தை லெபனானிலயிருந்து. அவையிட்டைக் கிடந்தது மண்ணும் பார்லியும் ஆட்டுமயிரும்தான். சார்செல்லில ரயில் ஏறினா இறங்குமட்டும் இதைத்தான் பாடமாக்கினனான்.

ஏனெண்டு கேளுங்கோ. எங்கட தமிழ்ச்சனம் கூடுற லா ஷப்பலில ஒரு சின்ன மியூசியம். பிள்ளையளுக்குப் பழைய சுமேரியச் சாமான்களைக் காட்டி விளங்கப்படுத்த ஆள் தேவையாம். பிரெஞ்சுக்காரர் சீடிஐ எண்டு சொல்லுற நிரந்தர வேலை! அது கிடைச்சாத்தான் மட்டக்களப்பில மூண்டு வருசமாக் காத்திருக்கிற என்ர மனுசன் கோகிலனை இஞ்சை கூப்பிடலாம்.

நேர்முகத்தில ரெண்டு பேர். பொறுப்பாளர் ஸ்டெஃபானி, மற்றது அந்துவான் எண்ட நெட்டை மனுசன். செம்பைக் கேப்பினம் எண்டு நான் வாயைத் திறக்க, ஸ்டெஃபானி மேசையில காய்ஞ்ச களிமண் உருண்டை ஒண்டை வைச்சா.

"நகல்தான், தொடலாம். இது என்னெண்டு ஒரு பிள்ளைக்குச் சொல்லுங்கோ, மதாம் வசந்தரூபி."

நாசமாப் போச்சு! பாடமாக்கினதில இது இல்லையே! மேல்பக்கம் ஒரு முத்திரை, அதில ஒரு ஆடும் சில மனுசரும். "நகை" எண்டு உளறினன். அந்துவான் கடிகாரத்தைப் பாத்தார். எனக்கு வந்த கோவத்தில உருண்டையைப் பிரட்டினன்.

பின்பக்கம் கயிறு அழுந்தின தடம். பக்கத்தில துணியின்ர தடம். ஐயோ, இது எனக்குத் தெரிஞ்ச சாமான்!

"லா ஷப்பலில ஆரும் ஊருக்குப் போனா நாங்கள் பார்சல் குடுத்துவிடுவம்," எண்டன். "துணி சுத்தித் தைச்சு, தையலுக்கு மேலதான் பேர் எழுதுவம். ஆரும் பிரிச்சுத் தைச்சா எழுத்துக் கோணும், பிடிபடுவினம்! இதுவும் அதுதான்! மூட்டையின்ர முடிச்சில பச்சைக் களிமண்ணை அப்பி முத்திரை குத்தியிருக்கினம். செம்போ நீலக்கல்லோ, எத்தினை பேற்ற கை மாறி வரும்? வழியில ஆரும் கைவைச்சா மண் உடையும்! வெறும் மண், மதாம், அவ்வளவு சாமானையும் காவல் காத்திருக்கு!"

நான் எழும்பி நிண்டு கத்துறன் எண்டு பிறகுதான் விளங்கினது. அந்துவான் உருண்டையை வாங்கிப் பிரட்டிப் பிரட்டிப் பாக்கிறார்.

"எப்ப தொடங்கலாம்?" எண்டு கேட்டா ஸ்டெஃபானி.

"இப்பவே!"

ரூ லூயி-பிளாங் தெருவில, சனத்துக்கு நடுவில நிண்டு கோகிலனுக்குப் போன் அடிச்சன். "இஞ்சேருங்கோ, கிடைச்சிட்டுது! சீடிஐ! இனி உங்கட பேப்பர் போடலாம்!"

போனை எடுத்தா வைக்கத் தெரியாத மனுசன். லைன் கட்டாப் போச்சாக்கும் எண்டு காதோட அமத்திப் பிடிச்சா, மனுசன் மூக்கை உறிஞ்சுறது கேக்குது.