தகனக்கொட்டகைக்குப் பூ

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, தார்ச்சாலை ஓரத்தில் புதுத் தகனக்கொட்டகை ஆனியிலேயே தயாராகிவிட்டது. பூட்டுதான் திறக்கவில்லை. வாசலில் இருபுறமும் விங்கா பூத்த பிறகே திறப்பு விழா என்று ஊராட்சித் தலைவர் தியாகேசன் முடிவெடுத்திருந்தார். விங்கா என்பது நித்தியகல்யாணிதான். பழைய சுடுகாட்டில் யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் மண்டிக் கிடக்கிறது. ஆனால் அதற்கு வண்ணப்படம் போட்ட பாக்கெட் கிடையாது.

விதைக்கும் வேலை ஈஸ்வரிக்கு வந்தது. நர்சரியில் ஆறு வருஷம் நாற்று வளர்த்தவள். அவளுக்கும் அவசரம் இருந்தது. கணவன் சேரனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. தீபாவளிவரை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழைய சுடுகாட்டுக்கு வயலில் இறங்கித்தான் போக வேண்டும். போன மழையில் மாமனாரைத் தூக்கியவர்கள் வழுக்கி, பாடையோடு சேற்றில் விழுந்தார்கள்.

"என்னையாவது நனையாம கொண்டு போடி," என்றான் சேரன். "நனைஞ்சா எரியாம கெடந்து உன் உசிரத்தான் வாங்குவேன்."

குழித்தட்டுகளில் விதைத்தாள். இருட்டில்தான் முளைக்கும் என்பதால் கறுப்புத்தாள் போட்டு மூடினாள். பத்தாம் நாள் எல்லாம் முளைத்திருந்தன. பார்வையிட வந்த தலைவர் தட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னம்மா, காஞ்சு கெடக்கு?"

"இது அப்படித்தாங்க இருக்கணும். தண்ணி நின்னா தண்டு அழுகிடும்."

"நாலு தலைமுறையா நாத்து விடுற குடும்பம் நாங்க. எனக்கே சொல்றியா?"

நெல் நாற்றங்காலுக்குப் பாய்ச்சுவதுபோல், ஆள் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் விட வைத்தார். ஐந்தாம் நாள் நாற்றெல்லாம் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தன. விதை மட்டம் என்று கடைக்காரரை ஏசிவிட்டு, ஆவணிக் கடைசியில் வேறு பாக்கெட் வாங்கி வந்தார். அதன்பின் மாநாடு, மகள் கல்யாணம் என்று அவர் அலைந்ததில் இந்த நாற்று பிழைத்தது.

ஐப்பசி மழையில் சேரன் செத்துப்போனான்.

ஈஸ்வரி நனைந்தபடி தலைவர் வீட்டு வாசலில் நின்றாள். "சாவி மட்டும் குடுங்க தலைவரே. நாங்களே கூட்டிக் கழுவி வச்சிடறோம்."

"குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? இன்னும் பூக்கவே இல்லையேம்மா. கல்வெட்டுல பெரியவங்க பேரு வெட்டியாச்சு. அவங்க திறக்கறதுக்கு முன்னாடி பொணம் போனா மரியாதையா இருக்குமா?"

சேரனைத் தொடையளவு தண்ணீரில் சுமந்து போனார்கள். ஈர விறகோடு பழைய டயரையும் போட்டுக் கொளுத்தினார்கள். மறுநாள் மதியமும் புகைந்துகொண்டிருந்தான்.

மார்கழியில் பூத்தது. மார்கழியில் நல்ல காரியம் ஆகாதென்று தைவரை பொறுத்தார்கள். விழாவன்று பந்தல், நாதஸ்வரம், குத்துவிளக்கு. ஈஸ்வரி செடிகளில் பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். தலைவர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போயிடு ஈஸ்வரி. தப்பா நெனைக்காத. தாலி அறுத்தவ எதிர்ல நின்னா, விளக்கேத்துறவங்க சங்கடப்படுவாங்க."

"சுடுகாட்டுலங்களா?"

"எங்க நடந்தா என்னம்மா, திறப்பு விழா இல்லையா?"

அவள் கிள்ளிய இலைகளை மடியில் கட்டிக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போனாள். சாலையில் கார்கள் வந்து நின்றன. நாதஸ்வரக்காரர் கல்யாணி ராகம் எடுத்தார்.