சசிகலா சைக்கிளிலிருந்து விழுந்த கதை

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள், கிளியூரில் மாதம்மாள் வீட்டு வாசலில் கறிச்சோறு தின்று கை கழுவிய கூட்டத்துக்கு முன்னால், அவள் மகன் பிரபாகர் அந்தக் கதையை மறுபடியும் எடுத்தான். தங்கச்சி சசிகலா சைக்கிளிலிருந்து விழுந்த கதை. திருவிழாவுக்குத் திருவிழா சொல்கிற கதைதான். கேட்கிறவர்களும் புதிதாய்க் கேட்பதுபோல நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"பிளஸ் ஒன் படிக்கறப்ப கவர்மெண்டுல சைக்கிள் குடுத்தாங்க இவளுக்கு. ராணியாட்டம் ஏறி உக்காந்தா. பெரிய வளைவுல வந்தா பாரு, எஸ்டேட் வேலியப் பிச்சுக்கிட்டு காப்பிச் செடிக்குள்ள போயி, ரெண்டு காலு மட்டுந்தான் வெளிய தெரியுது!"

"அப்புறம் எப்படிங்க மச்சான் எடுத்தீங்க? வேரோட புடுங்குனீங்களா?" என்றான் மாரியப்பன், பிரபாகரின் மனைவிக்குத் தம்பி. வாசலே சிரித்தது.

உள்ளே சசிகலா அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடது கை முழங்கைக்குக் கீழே நிமிராது. வளைந்த கையால் அண்டாவை அணைத்துக்கொண்டு வலது கையால் தேய்ப்பது அவளுக்குப் பழகிவிட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் பழகவில்லை.

"கொப்பு கட்டத் தெரியாம கட்டுனா, அவுந்துருச்சு. பொட்டப்புள்ள போட்ட முடிச்சு வேற எப்படி இருக்கும்?" என்று வாசலில் தொடர்ந்தான் பிரபாகர்.

இங்கேதான் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு எரியும்.

அந்தக் காலத்தில் மலைப் பிள்ளைகள் யாரும் பிரேக்கை நம்பி இறங்கியதில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் வழியில் தழையோடு ஒரு மரக்கொப்பை ஒடித்து, கேரியரில் கயிற்றால் கட்டித் தரையில் இழுபட விட்டு இறங்குவார்கள். கொப்பு பின்னால் இழுத்துப் பிடிக்கும். சைக்கிள் அடங்கி வரும். கீழே வந்து சேர்ந்ததும் கொப்பு அடுப்புக்குப் போகும். சசிகலாவுக்கோ கொப்பைத் தவிர வேறு துணையே இல்லை. லீவு நாளெல்லாம் பிரபாகர் அவள் சைக்கிளில் பலாப்பழ மூட்டை ஏற்றி இறக்கியதில், பிரேக் கட்டை தேய்ந்து வெறும் இரும்புதான் மிச்சம்.

வாசலில் பிரபாகர் கதையை முடித்துக் காரியத்துக்கு வந்தான்.

"அதனாலதான் சொல்றேன். இளவரசி கண்ணு, உனக்கு எதுக்கு சாமி சைக்கிளு? மாமன் நடத்தற ஹோம்ஸ்டேக்கு எடுத்துட்டுப் போறேன். வர்ற டூரிஸ்டெல்லாம் சைக்கிள் இருக்குதான்னு கேக்கறாங்க. நீ பஸ்ல போயிக்க."

சசிகலா எட்டிப் பார்த்தாள். மகள் இளவரசிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள், அண்ணனின் பிக்கப் வண்டியில் பாத்திரங்களுக்கு நடுவே ஏற்கெனவே ஏறியிருந்தது. ஜூன் வந்தால் இளவரசி பிளஸ் டூ. சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முடியும் நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. சைக்கிள் போனால் கிளாஸும் போனதுதான். அந்தப் பெண் அம்மாவையே பார்த்தாள்.

சசிகலா ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"ஏனுங்ண்ணா, சைக்கிள எறக்கி வெச்சிருங்க."

"அட, நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ விழுந்தது பத்தாதா? உம்புள்ளையும் கை ஒடிச்சுக்கணுமா?"

"நானா விழுகல. கொப்ப நீ அவுத்துவுட்ட."

அண்ணனை அவள் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. மாரியப்பனின் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் விழுந்த அன்று, இறக்கத்தின் தலைப்பில் பாலத்துத் திட்டில் பிரபாகர் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தான். அவள் நின்று, புத்தகப் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு ஏறினாள். "போ, போ" என்று பின்னாலிருந்து ஒரு தள்ளு. இழுவை இல்லை என்று தெரிவதற்குள் வேகம் பிடித்துவிட்டது. வேலிக்குள் கிடந்தபடி அண்ணாந்து பார்த்தபோது, மேலே அவன் கையில் கொப்பு. கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டாளிகளோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவள் கையைப் பார்த்ததும் கொப்பைப் புதருக்குள் வீசினான்.

அம்மாவிடம்தான் முதலில் சொன்னாள். "அப்பன் காதுல போட்டராத சாமி. அவன அடிச்சே கொன்னுபோடுவாரு. உங்கை சரியாயிரும்" என்றாள் மாதம்மாள். கை சரியாகவில்லை. பரீட்சை போனது. படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். சைக்கிள் பிரபாகருடையது ஆனது.

"யாரு பாத்தா?" பிரபாகர் எழுந்து நின்றான். "இத்தன வருஷங் கழிச்சு எம்மேல பழி போடறியா?"

சசிகலா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் திரும்பினாள்.

"சொல்லும்மா."

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குடி..."

"சொல்லுங்கறேன்ல!"

மாதம்மாள் தலையைத் தூக்கவில்லை. "சின்ன வயசு. வெளையாட்டுக்குப் பண்ணிப்போட்டான். அதப் போயி இப்ப..."

அவ்வளவுதான். பிரபாகரின் மனைவி புருஷன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"வெளையாட்டு!" என்றாள் சசிகலா. "வருஷா வருஷம் இவன் எம்முடிச்சச் சொல்லிச் சிரிக்கறான். நீயும் வெத்தல மென்னுக்கிட்டுக் கேட்டுட்டு உக்காந்திருக்கற. பெத்தவதான நீ?"

பிக்கப்பில் ஏறினாள். சைக்கிளைக் கட்டியிருந்த கயிற்றை ஒற்றைக் கையாலும் பல்லாலும் இழுத்து அவிழ்த்தாள். பிரபாகர் பின்பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு மறித்தான்.

"தள்ளு."

"நொம்பப் பண்ணாத சசி. நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும். இத்தன வருஷமா என்னப் பாத்தாங்கல்ல?"

கதவை உதைத்துத் திறந்தாள். கீழே நின்று இளவரசி முன் சக்கரத்தைத் தாங்கிக்கொண்டாள். ஒரு குண்டான் உருண்டு ரோட்டில் போனது. யாரும் எடுக்கப் போகவில்லை.

"ஒரு சைக்கிளுக்காகக் கூடப் பொறந்தவனக் கேவலப்படுத்திட்ட இல்ல?" பிரபாகரின் குரல் உடைந்திருந்தது.

"ஆமா, சைக்கிளுக்காகத்தான்" என்றாள். "வேற என்னத்துக்குன்னு நெனச்ச?"

"ஒரு வாய் தின்னுட்டுப் போ சசி" என்று மாதம்மாள் கூப்பிட்டாள். சசிகலா திரும்பவில்லை. இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுதான் இருந்தது அவளுக்கு.

இளவரசி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தங்கள் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

"ஏறு" என்றாள் சசிகலா.

"மேடும்மா."

"ஏறி மிதி. நான் தள்ளறேன்."

வளைந்த கையைக் கேரியரில் கொக்கிபோல மாட்டிக்கொண்டு, மற்ற கையை மகளின் முதுகில் வைத்து, அவள் மேட்டில் தள்ளத் தொடங்கினாள்.