மிதி, பிடி, விடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறந்ததல்ல. ஓட்டுநர் சங்க மலருக்கு, பிரேக் கோளாறுகளும் தீர்வுகளும் என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏறி உட்காருவதுதான். அதனால் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். கிரீச்சென்று கத்தினால் பேட் தேய்ந்திருக்கிறது, மாற்றுங்கள். மிதிக்கும்போது பெடல் துடித்தால் டிஸ்க்கைப் பாருங்கள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால்

இந்த வாக்கியத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

2

அமுங்கினால் பிரேக் ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் அடியில் படுத்து, சக்கரத்தருகே இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.*

* "வீட்டுக்காரம்மாகூட உதவி பண்ணலாமே?" என்று சும்மாதான் கேட்டேன். மெக்கானிக்கின் முகம் போன போக்கில் கட்டுரையும் போய்விட்டது.

3

ஞாயிற்றுக்கிழமை. பட்டறை விடுமுறை. மெக்கானிக் தன் மனைவியின் பள்ளி வேனுக்கடியில் படுத்திருந்தான். (கதைக்குள் வந்ததும் மரியாதை 'ர்' போய்விட்டது. அனுமதி வாங்கிவிட்டேன்.) ஓட்டுநர் இருக்கையில் அவள். இருவரும் பேசி ஒன்பது நாள். (பதினொன்று என்று எழுதியிருந்தேன். "ஏங்க ஊதிப் பெருக்குறீங்க?" என்றார் மெக்கானிக்.)

பிரேக் சரியில்லை என்று அவள் ஒரு மாதமாகச் சொல்லிவந்தாள். ஊர் வண்டியெல்லாம் பார்ப்பவனுக்கு வீட்டு வண்டியைப் பார்க்க நேரமில்லை. ஒன்பது நாளுக்கு முன் வேன் பட்டறைக் கேட்டில் இடித்துத்தான் நின்றது. நல்லவேளை, பள்ளி விடுமுறை, பிள்ளைகள் இல்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் சொன்னான்: "வண்டில ஒண்ணுமில்ல. உனக்கு மிதிக்கத் தெரியல."

அவளுக்கு அது வலித்தது. பதிமூன்று வருடமாக வேன் ஓட்டுகிறாள். நேற்று சுவரைப் பார்த்து அறிவித்தாள்: "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள வண்டி எதிர்ப் பட்டறைக்குப் போகுது."

அதன்பிறகுதான் படுத்துப் பார்த்தான். பின்சக்கரக் குழாயில் கசிவு. குற்றம் வண்டியில்தான். குழாயை மாற்றியாயிற்று. மிச்சமிருப்பது காற்று எடுப்பது. அதற்கு அவள் கால் வேண்டும்.

"மிதி."

மிதித்தாள்.

"புடிச்சிருக்கியா?"

இதற்குப் பதில் சொல்லாமல் முடியாது.

"புடிச்சிருக்கேன்."

ஒன்பது நாளில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. அவன் கண் கலங்கிவிட்டது. (பிரேக் ஆயில் தெறித்ததாம். இருக்கட்டும்.)

குமிழி குமிழியாகக் காற்று வந்தது. நாலு சக்கரமும் முடிந்தது. பெடல் கல் மாதிரி நின்றது. கடைசித் திருகை இறுக்கிவிட்டு, "விடு" என்றான்.

அவள் விடவில்லை.

"எனக்கு மிதிக்கத் தெரியுமா, தெரியாதா? சொல்லுங்க. அப்புறம் விடுறேன்."

4

முடிவு ஒன்று: "தப்பு என்னுதுதான்" என்று உருகினான். மெக்கானிக் இதை அடித்துவிட்டார். "இவ்வளவு நல்லவனா நான்?"

முடிவு இரண்டு: "கோளாறு வண்டிலதான்" என்றான். இதை அடித்தது அவர் மனைவி. "அது எனக்கே தெரியும். நான் கேட்டது அதில்லையே."

முடிவு மூன்று: அவன் வேனுக்கடியிலிருந்து தலையை நீட்டி

சரி, என்னால் ஆகாது. அன்று அவர் என்ன சொன்னார் என்று இருவருமே எனக்குச் சொல்ல மறுக்கிறார்கள். அவன் வாயில் நீங்களே ஒரு வாக்கியத்தை வையுங்கள். உங்கள் வீட்டில் சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது இருந்தால் அதுவும் பொருந்தும். அழகாக எழுத வேண்டாம், சீக்கிரம் எழுதுங்கள். நாளைக்குப் பள்ளி திறக்கிறது, அவளுக்குக் கால் வலிக்கிறது.