நல்ல டாக்டரை எழுதிப் பார்த்தது

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அவசரத்தில் பிறந்தது. கிளினிக்கில் எனக்கு முந்தின டோக்கன் ஒரு அம்மாளுடையது. அவள் உள்ளே போய் நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று நர்ஸிடம் எரிந்து விழுந்தேன். நர்ஸ் போய்க் கதவைத் தட்டினாள். கையில் தூக்க மாத்திரைச் சீட்டோடு அந்த அம்மாள் வெளியே வந்தாள், கண் கலங்கியிருந்தது. நான் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தபோதும் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கப் போனவன் கதையைக் கேட்டுக்கொண்டு வந்தேன். எழுதுகிறவன் புத்தி வேறெங்கே போகும்?

2.

தொடக்கம் ஒன்று: வசந்தம் விடைபெற்ற ஒரு பெண்ணின் வாழ்வில் (சீ! அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: அவளுக்கு ஐம்பத்தொரு வயது. தையல் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கட்டிங் டேபிள் அவளுடையது. எண்பது அடுக்குத் துணியை விரித்து, அளவு அட்டையை வைத்துக் கோடு போட்டு மெஷினை ஓட்டினால் இம்மி பிசகாது. மாதவிடாய் நின்றதிலிருந்து, ஒன்றரை வருஷமாக, சரியான தூக்கமில்லை. திடீர் திடீரென்று கழுத்திலிருந்து உச்சி வரை கொதிக்கும், உடுத்தியிருப்பது தொப்பலாக நனையும். போன மாதம் அப்படிக் கொதித்த நேரத்தில், சட்டையின் வலது கைக்கு அட்டையைத் திருப்பிப் போட மறந்துவிட்டாள். எண்பது சட்டைக்கும் இரண்டு கையும் இடது கை.

"அக்கா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பிசிறு வெட்டத்தான் அனுப்புவேன்" என்றார் சூப்பர்வைசர். மெதுவாகத்தான் சொன்னார். தைத்து முடித்த சட்டையில் தொங்கும் நூலை வெட்டுவது நேற்றுச் சேர்ந்தவர்களின் வேலை.

3.

(டாக்டர்களைத் திட்டுவது சுலபம். அவர்களுக்கும் வாசலில் கூட்டம், என்னைப் போல அவசரக்காரர்கள் வேறு. இருந்தாலும் திட்டத்தான் போகிறேன்.)

முதல் டாக்டர் சிரித்தார். "வயசாகுதுல்லம்மா? எங்கம்மா எல்லாம் மாத்திரை போட்டா சமாளிச்சாங்க?"

இரண்டாமவர் நான் பார்த்த அதே கிளினிக்காரர்.

"ஹார்மோன் மருந்துன்னு ஒண்ணு இருக்காமே டாக்டர்? கூட வேலை செய்யுற பொண்ணு போன்ல பார்த்துச் சொன்னா."

"அப்ப போன்கிட்டயே வைத்தியம் பார்த்துக்க வேண்டியதுதானே? கேன்சர் வந்தா யார் பொறுப்பு? வீட்டுக்காரர் வரலையா?"

"அவர் போய் ஆறு வருஷமாச்சு. எனக்கு அந்த மருந்து ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு நீங்கதானே டாக்டர் பார்த்துச் சொல்லணும்?"

(கடைசி வரி நான் அவளுக்காக எழுதியது. நிஜத்தில் அவள் அதைக் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தபோதுதான் கதவு தட்டப்பட்டதாம்.)

4.

முடிவு அ: இன்னொரு எண்பது சட்டை வீணாகிறது. அவள் கையில் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி. (ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அதுதான் பயமாக இருக்கிறது.)

முடிவு ஆ: மூன்றாவதாக ஒரு டாக்டரம்மா. "எப்போலேருந்து தூக்கமில்ல?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிரஷர் பார்த்தார். வீட்டில் யாருக்காவது மார்பில் கட்டி, காலில் ரத்தம் உறைந்தது உண்டா என்று கேட்டார். "ஹார்மோன் மருந்துல ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேம்மா. உங்க உடம்புக்கு எவ்வளவுன்னு பார்த்து, ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம். ஆரம்பிச்சா மூணு மாசத்துல வாங்க, சரிப்படலன்னா மாத்தலாம். நீங்களா கற்பனை பண்ணிக்கல, இது நிஜம்."

(நாலு முறை திருத்தினேன். டாக்டரம்மாவுக்குக் கண்ணாடி மாட்டினேன், கழற்றினேன். அப்படியும் நம்பும்படி வரவில்லை.)

5.

கம்பெனி வாசலில், டீ நேரத்தில், அவளுக்குப் படித்துக் காட்டினேன். முடிவு அ-வுக்கு, "ம், அது நடக்கும்" என்றாள். ஆ-வைப் படிக்கும்போது டீ ஆறியதே அவளுக்குத் தெரியவில்லை. முடித்ததும் போனை எடுத்தாள்.

"இந்த டாக்டரம்மா எங்க இருக்காங்க? சனிக்கிழமை பார்ப்பாங்களா? நம்பர் சொல்லுங்க, போட்டுக்கறேன்."

"அது வந்து..." என்று இழுத்தேன்.

"எவ்வளவு தூரம்னாலும் பரவால்ல. லீவு போட்டுட்டுப் போறேன்."

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. போனைப் பிடித்தபடி அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்படி ஒரு டாக்டரை உங்களுக்குத் தெரியுமென்றால் இந்த முடிவை நீங்களே எழுதுங்கள். எனக்கு ஒருவரையும் தெரியாது.