ஒரு பாட்டில் கடல்

இறந்து கிடந்த புருஷன் மனுவேலின் விரல்களுக்கிடையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள் பிளாரன்ஸ். விரல்கள் விறைத்துப் போயிருந்ததால் மாலை நிற்காமல் நழுவியது. மறுபடியும் எடுத்துச் சுற்றும்போதுதான் வாசலில் கொழுந்தன் பாஸ்கலின் குரல் உயர்ந்தது.

“சாமியார் வாரதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. அதுக்குள்ள அந்த ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு கேள்வி கேட்டுட்டு வருவோம். வாங்கலே!”

கேள்வி கேட்கப் போகிறவனுக்குக் கையில் துடுப்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தெருவில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராக வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

புருஷனைப் பறிகொடுத்த துக்கத்துக்கு நடுவிலும் இந்தப் பயம் காலையிலிருந்தே பிளாரன்ஸை அரித்துக்கொண்டிருந்தது. இவர்கள் போனால் முதலில் கையில் சிக்கப் போகிறவள் நர்ஸ் ஜெயபாய்தான். அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. அது இந்த வீட்டில் பிளாரன்ஸுக்கு மட்டும்தான் தெரியும்.

மனுவேல் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன். குடலிறக்கம் வந்து, அறுத்துத்தான் தைக்க வேண்டும் என்று ஆனபோது, ஆஸ்பத்திரியைத் தான் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று பிளாரன்ஸ் ஒற்றைக் காலில் நின்றாள். காரணம் இருந்தது. அவளுடைய அக்கா இன்பமணி பிள்ளைப்பேற்றுக்கு வயிற்றை அறுத்து, புண் சீழ் பிடித்துச் செத்தவள். அந்த வாடை பிளாரன்ஸின் மூக்கை விட்டுப் போகவே இல்லை. ஓர் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கடியில் இரத்தப் பஞ்சு கிடந்ததைக் கண்டு திரும்பினாள். இன்னொன்றில் ஒரே ஊசியை வரிசையாக எல்லோருக்கும் குத்துவதைப் பார்த்து, மனுவேலின் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

“ஏளா, நீ ஆஸ்பத்திரி பாக்கியா, மாப்பிள்ளை பாக்கியா?” என்று அவன் கேலி செய்தான்.

கடைசியில் டாக்டர் அருமைநாயகத்தின் சின்ன ஆஸ்பத்திரி. கத்தி கத்தரியெல்லாம் கொதிக்க வைப்பார்களா என்று கேட்டதற்கு, மற்ற இடங்களைப் போல ஜெயபாய் எரிந்து விழவில்லை. “வாங்கக்கா, நீங்களே பாத்துக்கோங்க” என்று கூட்டிப் போய், தளதளவென்று கொதிக்கிற பாத்திரத்தைக் காட்டினாள். “ஆனா ஒண்ணு. நீங்களும் கை கழுவிட்டுத்தான் அவரத் தொடணும்” என்று சொல்லி, முழங்கை வரை நுரைக்க நுரைக்கத் தேய்த்தும் காட்டினாள். அன்றைக்கே ஒரு சிவப்பு சோப்பு வாங்கித் தன் ஒயர்கூடையில் போட்டுக்கொண்டாள் பிளாரன்ஸ்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காயமும் ஆறத்தான் செய்தது. மனுவேலுக்குத்தான் பொறுமை இல்லை. கடலுக்கடியில் பாறை கிழித்த காயத்தையெல்லாம் கடல் தண்ணீரிலேயே ஆற்றிப் பழகியவன் அவன்.

“எத்தன நாளைக்கு இப்படிக் கட்டுப் போட்டுக்கிட்டுக் கெடக்கது? ரெண்டு கை கடத்தண்ணி ஊத்துனா பொசுக்குனு ஆறிரும்.”

புதுத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் பாஸ்கல் மறுநாளே ஒரு பாட்டில் நிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். ஜெயபாய் சாப்பிடப் போயிருந்த நேரம். பிளாரன்ஸ் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். கட்டை அவிழ்த்தாள், ஊற்றினாள், பழையபடியே கட்டினாள். கட்டிலுக்கடியில்கூடக் குனிந்து பார்த்தவளுக்குக் கடலைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. கடலே சோறு போட்ட வீட்டில் யாருக்குத்தான் தோன்றும்?

“ஏங்க்கா கட்டு ஈரமா இருக்கு?” என்று வந்ததும் கேட்டாள் ஜெயபாய்.

“வேர்வை” என்றாள் பிளாரன்ஸ்.

பிறகு காய்ச்சல் வந்தது, குளிர் வந்தது, தொடை வரை வீங்கியது. அக்காவின் புண்ணில் வீசிய அந்த வாடையும் வந்தது. “வெளித்தண்ணி ஏதும் பட்டுச்சா?” என்று டாக்டர் கேட்ட அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இல்லை என்று தலையை ஆட்டினாள். அவன் மூச்சு அடங்குகிறவரை ஜெயபாய் வீட்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்தாள்.

இப்போது வாசல் சட்டென்று அமைதியானது. பிளாரன்ஸ் எட்டிப் பார்த்தாள். வெள்ளைச் சேலைத் தலைப்பைத் தோளோடு போர்த்திக்கொண்டு, கையில் ஒரு பூமாலையோடு ஜெயபாய் நின்றிருந்தாள்.

“கொன்னுட்டு மாலை வேறயா?” பாஸ்கல் குறுக்கே போய் நின்றான். “உங்க கத்தியில என்ன அழுக்கு இருந்துச்சுன்னு சொல்லிட்டு உள்ள போ.”

“நாங்க எல்லாம் சுத்தமாத்தாண்ணே செஞ்சோம். ஏன் இப்படி ஆச்சுன்னு எங்களுக்கே தெரியல. அக்காவ ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன்.”

துடுப்பு தரையை விட்டு எழும்பியது.

புருஷன் உடலருகிலிருந்து எழக் கூடாதென்று பெண்கள் பிடித்த கைகளை உதறிவிட்டு பிளாரன்ஸ் எழுந்தாள். அடுப்படிக் குசினிக்குப் போய் ஒயர்கூடையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. கொண்டுவந்து பாஸ்கலின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“கட்ட அவுத்தது நான். இத ஊத்துனது நான். இவ கேட்டப்பம் வேர்வைன்னு பொய் சொன்னதும் நான்தான். அடிக்கணும்னா என்னைய அடி.”

பாஸ்கல் பாட்டிலைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

“இது நான் கொண்டாந்தது மைனி.”

“அண்ணன் கேட்டத நீ கொண்டாந்த. அதுல உன் தப்பு ஒண்ணுமில்ல.”

“கடக்கரைக்குப் போயிருக்கணும்” என்றான் அவன், அவளிடம் இல்லாமல் பாட்டிலிடம் சொல்வதுபோல. “வேலைக்கு நேரமாச்சுன்னு துறைமுகத்து ஜெட்டிப் பாலத்துக்குக் கீழயே தண்ணிய மோந்துட்டேன். கப்பல் எண்ணெயும் குப்பையும் மெதக்குத எடம். கைய வச்சுத் தள்ளிவிட்டுட்டு மோந்தேன்.” அவளை நிமிர்ந்து பார்த்தான். “ஊரெல்லாம் கேட்டிய மைனி. என்கிட்ட மட்டும் எங்கன எடுத்தேன்னு கேக்கலியே.”

அவன் குற்றம் சாட்டவில்லை. அதனால்தான் அது அவளுக்கு அப்படிச் சுட்டது. சாகிறவரைக்கும் சுடும் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு பாஸ்கல் அதனடியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆண்கள் மடித்துக் கட்டிய வேட்டிகளை மெல்ல இறக்கிவிட்டார்கள். ஜெயபாய் உள்ளே வந்து மாலையைப் போட்டாள். போகும்போது பிளாரன்ஸின் கையை ஒரு தடவை இறுகப் பிடித்துவிட்டுப் போனாள்.

சாயந்திரம் பெட்டி போனது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் ஆண்கள் கடலில் கைகால் நனைத்துவிட்டுத்தான் தெருவுக்குள் வருவார்கள். எல்லோரும் ஈர மணல் ஒட்டிய காலோடு வந்து, ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். பாஸ்கலை மட்டும் காணவில்லை.

பிளாரன்ஸ் வெளியே வந்து பார்த்தாள். தெருக்குழாயடியில் குந்தியிருந்தான். காலில் கல்லறைப் புழுதி அப்படியே இருந்தது. குழாயில் தண்ணீர் நின்றுபோய் வெகுநேரமாகியிருக்கும். வெறும் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவள் உள்ளே போய் ஒயர்கூடையைத் துழாவி, பாதி கரைந்த அந்தச் சிவப்பு சோப்பையும், இடுப்பில் ஒரு குடம் தண்ணீரையும் எடுத்து வந்தாள். அவன் கையை நனைத்துக்கொண்டு, சோப்பை வாங்கி முழங்கை வரை நுரைக்கத் தேய்த்தான். பிளாரன்ஸ் இடுப்பிலிருந்த குடத்தைச் சாய்த்து, அவன் போதும் என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டே, ஊற்றினாள்.