எப்போதிலிருந்து?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மாதேஷ் தன் தலையணைக்குச் சட்டை மாட்டி, கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, "சொல்லுங்கய்யா, உடம்புக்கு என்ன பண்ணுது?" என்று பணிவாகக் கேட்டான். தலையணை ஒன்றும் சொல்லவில்லை. நல்ல ஆரோக்கியமான தலையணை.

நாமக்கல் பக்கத்து நர்சிங் கல்லூரி ஒன்றில் அவன் முதலாண்டு. வகுப்பில் நாற்பத்தொரு பேர், ஆண்கள் ஐந்து. ஒருவர் நர்ஸ், ஒருவர் நோயாளி என்று கேள்வி கேட்டுப் பழகுங்கள், ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் என்று வெண்ணிலா மேடம் சொன்னபோது, மற்ற நால்வரும் கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு ஜோடியாகிவிட்டார்கள். ஐந்தை இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்திருந்தான். அந்த மீதிக்கு மேச்சேரி மாதேஷ் என்று பெயர் என்பது இப்போதுதான் தெரிந்தது. விடுதியும் காலி. நால்வரும் சனிக்கிழமையே ஊருக்குப் போய்விட்டார்கள். படிக்கிறேன் என்று இவன் மட்டும் தங்கியிருந்தான்.

நாளைக்குச் செய்முறைத் தேர்வு. நோயாளி தன் பேச்சில் சொல்வதைக் கேட்டு, எதிரே மருத்துவச் சொல்லை எழுத வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவன். மூன்றாவதும் போனால் வார்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஒரு வருஷமே போய்விடும். பன்னிரண்டு வரை தமிழில் படித்தவன். எபிஸ்டாக்ஸிஸ் என்றதும் ஏதோ வாடகைக் கார் கம்பெனி என்று நினைத்தான். மூக்கில் ரத்தம் வருவதாம். இருநூறு சொற்களைச் சீட்டில் எழுதிக் குளியலறைக் கதவில்கூட ஒட்டிப் பார்த்தாயிற்று. பசைதான் நின்றது, சொல் நிற்கவில்லை.

கடைசியில் அம்மாவுக்குப் போன் போட்டான்.

"நாளைக்குப் பரீட்சைம்மா. நான் கேக்கறதுக்கு நோயாளியாட்டம் பதில் சொல்றியா?"

"எனக்கு நோவு ஒண்ணுமில்லயே சாமி."

"மார்க்குக்கும்மா."

"மார்க்குக்கா?" அம்மா பொன்னாத்தாளின் குரல் மாறிவிட்டது. "இரு, கை கழுவிட்டு வாரேன்."

அவன் பத்தாவது எழுதி முடிக்கும்வரை வேண்டுதலாகக் காலில் செருப்புப் போடாமல் ஆடு மேய்த்தவள். பரீட்சை என்றால் அவளுக்குக் கோயில் மாதிரி. மற்ற நாட்களில் சாப்பிட்டியா என்றால் "ஆச்சு", நல்லாருக்கியா என்றால் "எனக்கென்ன". அவன் விடுதிக்கு வந்த ஏழு மாதமாக இந்த இரண்டு பதில்கள்தான். ரிக் வண்டியோடு ஒடிசாவில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கும் இவையேதான் போயிருக்கும்.

"பசியெல்லாம் எப்படிங்க இருக்குது?" என்றான், நர்ஸ் குரலில்.

"ஏன்டா, ஆத்தாளுக்குப் போயி 'ங்க' போடற?"

"பரீட்சையில அப்படித்தாம்மா கேக்கோணும்."

"அப்படிங்களா." உடனே அவளும் போட்டாள். "பசியே எடுக்கறதில்லீங்க. ஒருத்திக்கு என்னத்த ஆக்கறது? காலையில கரைச்ச கூழுதான் பொழுதுக்கும். அதும் பாதி ஆட்டுக்குத்தான் போவுது."

அனோரெக்சியா. எழுத்துப் பிழையில்லாமல் வந்தது. மாதேஷுக்கே ஆச்சரியம்.

"தூக்கங்க?"

"கண்ண மூடுனா வாசல்ல ஏதோ சத்தமாட்ட இருக்குதுங்க. எந்திரிச்சுக் கதவப் பாத்துட்டு வந்து படுப்பேன். அப்பறம் எங்க தூங்கறது, விடிஞ்சுரும்."

இன்சோம்னியா. கை தானாக எழுதியது. கதவில் ஒட்டியும் நிற்காத சொல், இனி அழித்தாலும் போகாது போலிருந்தது.

"உடம்பு எளைச்சிருக்குதுங்களா?"

"ரவிக்கையெல்லாம் லொடலொடன்னு ஆயிப்போச்சுங்க."

இதற்கு மேடம் கொடுத்த சொல் வெறும் வெயிட் லாஸ்தான். இருநூறிலும் சுலபமானது. அதை எழுதத்தான் அவனுக்கு நேரம் பிடித்தது.

தாளில் கடைசிக் கட்டம் மிச்சம். எத்தனை நாளாக என்று எழுதாவிட்டால் மேலே எழுதியது எதற்கும் மார்க் கிடையாது என்பார் மேடம்.

"இதெல்லாம் எப்ப இருந்துங்க?"

"மாசமெல்லாம் ஆரு கண்டா? நம்ம செவலை குட்டி போட்டுச்சே, அன்னைக்கு இருந்துதாங்க."

செவலை ஆடு குட்டி போட்ட காலையில்தான் அவன் பெட்டியோடு கல்லூரிக்குப் பஸ் ஏறினான். ஈரக் குட்டி மடியில் கிடந்ததால், அம்மா பட்டியைவிட்டு எழுந்து வரவில்லை. போயிட்டு வா சாமி என்று உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"அம்மா, இதெல்லாம் நெசமா?"

"பின்ன, பரீட்சையில பொய்யா சொல்லுவாங்க? எத்தனை மார்க் போடுவாங்க?"

"முழுசாப் போடுவாங்க. நாளைக்குப் பரீட்சை முடிச்சுட்டு வாரேன். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருலாம்."

"ஆஸ்பத்திரி எதுக்கு? அதான் கேட்டு முடிஞ்சுதல்ல. நான் நல்லாத்தான் இருக்கறேன், எனக்கென்ன? வெச்சர்றேன் சாமி."

அவளுக்கு வைக்கத் தெரியாது. போனை அப்படியே சுவர்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். எப்போதும் இவன்தான் துண்டிப்பான். இன்றைக்குத் துண்டிக்கவில்லை. தகர வாளி உருண்டது. ஒரு ஆடு கத்தியது. பிறகு, கொஞ்சம் தள்ளி, அம்மாவின் குரல். அவனுடைய அதே நர்ஸ் குரல்.

"ஏனுங் செவலை, பசியெல்லாம் எப்படிங்க இருக்குது?"

ஏதோ மெல்லும் சத்தம்.

"எப்ப இருந்துங்க?"

சட்டை போட்ட தலையணைக்கு எதிரே, காலியாகக் கிடந்த கடைசிக் கட்டத்தின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு, ஆடு என்ன சொல்லப்போகிறது என்று மாதேஷ் காத்திருந்தான்.