மூன்றாவது முறை

ட்ரெய்லர் லாரியைப் பின்னால் எடுப்பதில் இரண்டு முறை நடுவில் நிறுத்தியாகிவிட்டது. மூன்றாவது முறை நிறுத்தினால் தேர்வு போயிற்று என்பது அந்த லாரி யார்டின் சட்டம். சட்டம் போட்ட மேற்பார்வையாளர் ஆறடி உயரம். ஆனாலும் டிரைவர்கள் அவரை ‘அரை முழம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு நேராக விட்டாலும் “இன்னும் அரை முழம் வாய்யா” என்பார். கையில் அட்டையும் பேனாவுமாக வண்டிக்கு முன்னால் நின்றிருந்தார்.

பதினோரு வருடம் பள்ளி வேன் ஓட்டியவள் அவள். வேன் சொன்ன பேச்சு கேட்கும். ட்ரெய்லரோ வீம்பு பிடித்தது. ரிவர்ஸில் பின்பக்கம் வலதுக்குப் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை இடதுக்கு ஒடிக்க வேண்டும். லாரி டிரைவரான கணவன் இரண்டு தீப்பெட்டிகளைக் குண்டூசியால் கோத்துத் தரையில் தள்ளித் தள்ளிக் காட்டினான். அவள் ஒரு மாதமாகச் சாப்பாட்டுத் தட்டைக்கூடச் சும்மா விடவில்லை, திருப்பிக்கொண்டே இருந்தாள். இன்று தேறினால் இருவரும் ஒரே வண்டியில் மாறி மாறி ஓட்டிப் போகலாம். தேறாவிட்டால் பழையபடி மாதத்தில் இருபது நாள் அவன் ரோட்டில், இவள் போனைப் பார்த்துக்கொண்டு வீட்டில். வெளியே சொல்ல வெட்கம்தான். ஆனால் அவளுக்குப் புருஷன் பக்கத்தில் வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

பின்னால் நின்று கை காட்ட வேறு ஆள் போடுவதாகத்தான் அரை முழம் சொன்னார். “என் பொண்டாட்டிக்கு நான் நிக்காம வேற எவன் நிப்பான்?” என்று கணவன் முந்திக்கொண்டான். அவளைவிட அவனுக்குத்தான் உதறல்.

ட்ரெய்லரின் பின்புறம் சரக்கு மேடைக்கு நேராக வந்துவிட்டது. இன்னும் இரண்டு ஆள் நீளம்தான். இடது கண்ணாடியில் அவன் கை ‘வா, வா’ என்று அசைந்தது. பிறகு கண்ணாடியில் சுவர் மட்டும் இருந்தது.

ஒதுங்கியிருப்பான், இதோ வந்துவிடுவான் என்று நினைத்தாள். கால் கிளட்ச்சிலேயே இருந்தது, வண்டி மெல்ல ஊர்ந்தது. காத்திருந்த லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தான். “வாம்மா, வா! தூங்கிட்டியா?” என்று அரை முழம் கத்தினார். அவருக்குப் பின்பக்கம் தெரியாது. முதல் நாளே கணவன் சொல்லியிருந்தான்: “கண்ணாடில நான் தெரியலன்னா, செத்துட்டேன்னு வெச்சுக்கோ.” வாயைக் கழுவுங்கள் என்று அன்றைக்குத் திட்டியிருந்தாள்.

பிரேக்கை அழுத்தினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி ஓடினாள்.

மேடைக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் அவன் குனிந்திருந்தான். அவன் முதுகுக்கும் ட்ரெய்லரின் இரும்புக் கதவுக்கும் ஒரு சாண் இடைவெளி.

“சக்கரத்துக்குப் போடற கட்டை உருண்டு வந்துடுச்சு. அது மேல ஏறுனா உனக்கு மார்க்கக் கொறைப்பாரேன்னு...”

“அறிவிருக்கா உங்களுக்கு?” தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அடித்த கையாலேயே சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்ததில் அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்தின. அவன் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திருட்டு முழி முழித்தான்.

அரை முழம் மூச்சிரைக்க வந்து அந்த இடைவெளியைப் பார்த்தார்.

“மூணாவது தடவ நிறுத்திட்டேன் சார். போனா போகட்டும், ஆளு இருக்காரு” என்றாள். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவளுக்குத் துளி வருத்தமும் இல்லை. உடம்பு லேசாகியிருந்தது.

அவர் கணவனைப் பார்த்து, “மேல ஏறி உக்காருடா, மடையா” என்றார். பிறகு அட்டையை எதுவும் எழுதாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டார். “வண்டிய எடும்மா. கை நான் காட்டறேன்.”

அவள் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் கணவன் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடது கண்ணாடியில் அந்த ஆறடி மனிதர் தலை முதல் கால் வரை முழுசாகத் தெரியும்படி நின்று கையை உயர்த்தினார்.